ஐந்தாம் நம்பர் பாதை

மண் காய்ந்து கல்லாகியிருந்தது. இவானோ ரொட்டி வெட்டும் கத்தியின் முனையால் ஷூவின் அடிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். சிவப்பு மண் பொடிப்பொடியாகப் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தது. கீழே சமவெளியில் ஓடிவிட்டு வந்தால் ஷூவில் வெள்ளைப் புழுதிதான் ஒட்டும். இந்தச் சிவப்பு மலைமேல் போனால் மட்டும் வருவது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்ததை மூன்று நாளாக அவர் தொடவில்லை. அடக்கத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது இப்போதுதான் பிரித்தார்.

பக்கத்து அறையில், பெட்டிக்குள், அவர் மனைவி ஓர்னெல்லா வெறுங்காலோடு படுத்திருந்தாள்.

இலாரியா ஒரு ஜோடி கறுப்பு ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தாள். ஒரே மகள், பொலோஞாவில் வேலை. திங்கட்கிழமை ராத்திரி ரயிலில் வந்தவள் அதே ஸ்வெட்டரில்தான் இன்னும் இருந்தாள்.

"என்னப்பா பண்ற?"

"மண்ணு எடுக்கறேன்."

"இதையா அம்மாவுக்குப் போடப் போற?"

"அவளுக்குப் பிடிச்சது இதானே."

"அவளைக் கொன்னதே இதுதான்." கறுப்பு ஷூவை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். "பூசைக்குப் போடறதைப் போட்டு அனுப்பு. ஒரு நாளாவது ஒழுங்கா வீட்டுப் பொம்பளையா போகட்டும்."

இவானோ இடது ஷூவை முடித்துவிட்டு வலது ஷூவை எடுத்தார்.

"செப்டம்பர்ல உங்கிட்ட சத்தியம் பண்ணினாளா இல்லையா? நான் போன்ல இருந்தேன், என் காதால கேட்டேன். 'ஏத்தம் ஏற மாட்டேன், கீழேயே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்'னு. அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்து கீழே இருக்கற மோர்த்தி பாதைக்குன்னு சொல்லிட்டு மலைக்குப் போயிருக்கா. எப்படிப்பா மனசு வந்துது? நீங்க எல்லாரும் கல்லறைப் பக்கம் கத்திக்கிட்டு அலையறீங்க, அவ அங்க..." அவள் முடிக்கவில்லை. முடிக்க முடியாத வாக்கியம் அது. மூன்று நாளாக வீட்டில் யாரும் அதை முடித்ததில்லை.

மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவில்லை என்று இவானோவுக்குத் தெரியும். அவள் சொன்னபோது அவர் பாதிதான் திரும்பியிருந்தார்.

*

ஸ்பெல்லோ ஊரைச் சுற்றி ஓடுவதற்கு ஐந்து பாதைகள் உண்டு. அவற்றுக்கு நம்பர் போட்டதே ஓர்னெல்லாதான். நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஓட ஆரம்பித்தவள். "யாரு துரத்தறாங்க?" என்று இவானோ கேலி செய்வார். "நீதான், வேற யாரு" என்பாள். ஓட்டக் கிளப்பில் சேர்ந்து, நீலப் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகத் திரிந்து, வழியிலுள்ள கல்லிலும் மதிலிலும் அம்புக்குறி போட்டு, ஊருக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு மடிப்புத்தாளும் அச்சடித்தாள்.

ஊர்க்காரர்களுக்கு நம்பர் தேவைப்படவில்லை. அவர்களிடம் பழைய பெயர்கள் இருந்தன. இரண்டாம் நம்பருக்கு மோர்த்தி என்று பெயர், செத்தவர்கள் என்று அர்த்தம். கோட்டை வாசலில் இறங்கி, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாகத் திரும்பும் ஆறு கிலோமீட்டர் சமதரை. ஐந்தாம் நம்பர் மோர்த்தோ, அதாவது செத்தவன். பழைய ரோமானியக் கால்வாயை ஒட்டி ஏறி, கொல்லெபீனோ கிராமத்தைத் தாண்டி, சுபாசியோ மலைச்சரிவில் நிற்கும் ஓர் இரும்புச் சிலுவைவரை போய் இறங்குவது. பதினாலு கிலோமீட்டர், பாதி செங்குத்து. எந்தக் காலத்திலோ பனியில் விறைத்துக் கிடந்த ஒருவனுக்காக நட்ட சிலுவை. யார் பெற்ற பிள்ளை என்று கடைசிவரை தெரியாததால் செத்தவன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு தடவை ஒரு டச்சுக்காரர் மோர்த்தி என்று நினைத்து மோர்த்தோவில் ஏறிவிட்டார். உடம்பு பெருத்த மனிதர், சாயங்காலம் அவரைக் கழுதைபோல இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் ஓர்னெல்லா நம்பர் போட்டாள். "கடைசி எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம். வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ரெண்டு, அஞ்சு. இதுல யாரும் தப்பு பண்ண முடியாது" என்றாள். பாவம், வெளியூர்க்காரர்களை மட்டும்தான் அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அந்த நாளுக்கும் ஊரில் மோர்த்தி என்றே பெயர். காலையிலிருந்தே எல்லோரும் கையில் சாமந்தித் தொட்டியோடு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவானோவுக்கு ஆலிவ் பறிப்பு பாதியில் நின்றது. வியாழன் சாயங்காலத்துக்குள் முடித்து வெள்ளிக்கிழமை காலை செக்கில் கொடுக்க வேண்டும், அந்த முறையை விட்டால் அப்புறம் பத்து நாளைக்குக் கிடையாது. எட்டு மணிக்கே கம்ப்ரசரைப் போட்டுவிட்டு, அதன் காற்றழுத்தத்தில் படபடக்கும் கம்பை மரத்துக்குள் விட்டு உலுக்கிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் குண்டு விழுந்தாலும் கேட்காது.

வேலி வாசலிலிருந்து ஓர்னெல்லா ஏதோ கத்தினாள். அவர் திரும்பினார், பாதிதான். கையில் ஒரு சாமந்திப் பூவோடு நின்றாள். மஞ்சள் சட்டை, காற்றுக்கு மாட்டும் நீலக் கோட்டு. அவள் வாய் அசைந்தது. மோர்த் என்பது வரைக்கும் கேட்டது, அதை அவர் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். கடைசி எழுத்தைக் கம்ப்ரசர் தின்றுவிட்டது. அன்றைக்கு மோர்த்தி, கையில் பூ, இதயம் பலவீனம் என்பதால் மேலே ஏறக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. அவர் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"போ போ!" என்று கையை வீசினார்.

அவள் சற்று நேரம் நின்றாள். சிரித்தாள் என்றுதான் ஞாபகம். பிறகு போய்விட்டாள்.

பத்து மணிக்கு வரவில்லை. கல்லறையில் இந்த நாளில் பேச்சுத் துணைக்குப் பஞ்சமா என்று நினைத்துக்கொண்டார். பன்னிரண்டுக்கும் வரவில்லை. ஒரு மணிக்குக் கோபம் வந்தது, ஒன்றரைக்குப் பயம். அவள் போனில் மணியே போகவில்லை. அண்ணன் ஜில்தோவைக் கூப்பிட்டார், அவளோடு ஓடும் சிநேகிதி மிரெல்லாவைக் கூப்பிட்டார். இரண்டு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார், உள்ளூர் மனிதர்தான். அவர் கேட்டார்: "மோர்த்தியா, மோர்த்தோவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மோர்த்தி. என் காதால கேட்டேன்" என்றார் இவானோ.

முப்பது பேர் கீழே தேடினார்கள். வாய்க்கால், வயல், கல்லறை மதிலுக்குப் பின்னாலிருக்கும் புதர், எல்லாம். நாலரை மணிக்கு, நாயோடு காளான் தேடப்போன ஒருவர் மேலேயிருந்து போன் செய்தார். இரும்புச் சிலுவையில் முதுகைச் சாய்த்து, தான் வந்த பாதையைப் பார்த்தபடி ஓர்னெல்லா உட்கார்ந்திருந்தாளாம். பூ சிலுவையில் செருகியிருந்தது. போன் கல்லில் விழுந்து உடைந்து கிடந்தது. முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. டாக்டர் சொன்னார்: இதயம் ஒரேயடியாக நின்றுவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கோட்டுக்குள்ளே உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அப்போதிருந்து இவானோ இரண்டு நினைப்புக்கு நடுவே கிடந்தார். அவள் மோர்த்தி என்று சொல்லிவிட்டு மேலே போயிருந்தால் கடைசியாகப் பேசிய வார்த்தை பொய். மோர்த்தோ என்று சொல்லியிருந்தால் அவர் கேட்கவில்லை. ஊர் முதலாவதை எடுத்துக்கொண்டது. அவரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்ன மனைவியோடு ஒரு மனிதன் எப்படியோ காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

*

எட்டேகாலுக்கு மிரெல்லா வந்தாள். பூவும் இல்லை, கேக்கும் இல்லை. பின்பக்கமாக வந்து சமையலறை ஜன்னலைத் தட்டி, வெளியே வா என்று சைகை காட்டினாள். ஈரக் கையோடு போனார். அவள் நேராக நடந்து, கொட்டகைக்குள் கம்ப்ரசருக்குப் பின்னால் போய் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"இவானோ, நான் ஒண்ணு சொல்வேன். நீ என்னை அடிச்சாலும் பரவாயில்ல."

"சொல்லு."

"அவ எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா, உனக்குத் தெரியும். ரொட்டி கருகிடிச்சு, முழங்கால் வலிக்குது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுடிச்சு. நான் அப்பப்ப கேக்கறதில்ல. ராத்திரி துணி தேய்க்கறப்ப மொத்தமா போட்டுக் கேப்பேன். ரேடியோ மாதிரி." போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "திங்கக்கிழமையும் அனுப்பியிருக்கா, நேத்து ராத்திரிதான் போட்டுக் கேட்டேன். எட்டரைக்கு. நாள் பூரா என் பாக்கெட்லதான் இருந்துது. கல்லறையைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு அவ பேரைக் கத்திக்கிட்டு இருந்தேனே, அப்பவும் பாக்கெட்லதான் இருந்துது."

அவள் பொத்தானை அழுத்தினாள். முதலில் கம்ப்ரசர் சத்தம் வந்தது. நிறுத்தியிருந்த கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று இவானோ அதன் சத்தத்தைக் கேட்டார். அதன் நடுவே, மூச்சு வாங்க, நடந்துகொண்டே பேசும் ஓர்னெல்லாவின் குரல்.

"மிரெல்லா, நான்தான். கேக்குதா இந்த இரைச்சல்? எங்க வீட்டுக்காரன் ஆலிவைப் போட்டு உதைச்சிக்கிட்டு இருக்கான். இங்க பாரு, நான் மோர்த்தோவுக்குப் போறேன். திட்டாதே. ஓட மாட்டேன், நடந்தே ஏறிடுவேன். வருஷா வருஷம் அந்தச் சிலுவையில பூ வைக்கறேன், இந்த வருஷம் வைக்கலன்னா மனசு கேக்காதுடி. கீழே இருக்கறவங்களுக்கு எல்லாம் ஆள் இருக்கு, அவனுக்கு யாரு இருக்கா? இவானோகிட்ட சொல்லிட்டேன். சண்டை வரும்னு பயந்துக்கிட்டேதான் சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? போ போன்னுட்டான்! ஒரு முணுமுணுப்பு கிடையாது. முப்பத்தி மூணு வருஷத்துல இதான் முதல் தடவை. மனுஷன் திருந்திட்டான்டி. மத்தியானம் அவனுக்கு நல்லதா ஏதாவது பண்ணிப் போடணும். சரி, ஏத்தம் வந்துடிச்சு, மூச்சு வாங்குது. பயப்படாதே. ஏதாவது ஆச்சுன்னாகூட, நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். கம்ப்ரசர் சத்தமும் நின்றது.

இவானோ ஒரு பழக்கூடையின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. வந்த பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் என்று அந்தக் காளான்காரர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் வருவார் என்றுதான். பத்து மணிக்கு, பதினொன்றுக்கு, ஒரு மணிக்கு. இதோ வந்துவிடுவான், அவனுக்குத்தான் தெரியுமே என்று.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

மிரெல்லா போட்டாள். அதே சிரிப்பு, அதே மூச்சு. 'மனுஷன் திருந்திட்டான்டி.'

"யாருக்கும் தெரியாது" என்றாள் மிரெல்லா, சத்தமில்லாமல். "என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. இவானோ, இது வெளியே போனா ஊர்ல என்னால தலைகாட்ட முடியாது. உனக்கு மட்டும் என்ன? போலீஸ்காரர் அத்தனை தடவை கேட்டாரு, நீ காதால கேட்டேன்னு அடிச்சுச் சொன்ன." அவள் மூக்கைத் துடைத்தாள். "அவளுக்கு இனிமே என்ன இருக்கு? யாரு என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்கப் போறதில்ல."

மிரெல்லா போனைத் திருப்பி அவருக்குக் காட்டினாள்.

"அழிச்சிடவா?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அதை அவர் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தார். கொட்டகைக் கதவு திறந்திருந்தது, வெளியே வெயில், வாய் காய்ந்திருந்தாலும் பேச முடியாத அளவுக்கு ஒன்றும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரெல்லாவின் கட்டைவிரல் போனின்மேல் இரண்டு தடவை பட்டது.

"போயிடிச்சு" என்றாள். பிறகு அவர் தோளைத் தொடப்போய், தொடாமல், வந்த வழியே போய்விட்டாள்.

*

ஒன்பதரைக்கு அடக்கம் செய்யும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கறுப்பு ஷூவைப் போட்டது இலாரியாதான். பாதம் வீங்கியிருந்ததால் குதிகால் உள்ளே போகவில்லை. போன அளவுக்கு விட்டுவிட்டாள். தொட்டி ஓரத்தில் வைத்திருந்த கழுவின ஷூவிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இவானோ மறுபடி வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டார், கிளப் ஆட்கள், ஜில்தோவின் மனைவி, எல்லோரும் வரிசையாக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். மிரெல்லா தலையைக் குனிந்தபடி வந்து குனிந்தபடியே போனாள். இவானோ முத்தம் கொடுத்தபோது ஓர்னெல்லாவின் நெற்றி சலவைக்கல்போலச் சில்லென்று இருந்தது.

இலாரியா ஜன்னலோரம் நின்றாள்.

"வாம்மா, மூடப் போறாங்க" என்றார் ஜில்தோ.

"நான் இங்கயே நிக்கறேன் பெரியப்பா."

"ஒரு முத்தம் குடுத்துட்டுப் போ. நாளைக்கு நீதான் வருத்தப்படுவ."

"அவ எனக்கு என்ன குடுத்துட்டுப் போனா? பொய்தானே?" என்றாள் இலாரியா. "அப்பாகிட்ட ஒரு நிஜம் சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரத்துல தூக்கிட்டு வந்திருப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை. என்னால முடியாது. கோபம் போகாம நான் எப்படிக் குடுப்பேன்? நடிக்கச் சொல்றீங்களா?"

ஒரே ஒரு வார்த்தை. அது இவானோவின் நாக்கில் இருந்தது. 'அவ சொன்னா, எனக்குத்தான் கேக்கல.' இதைச் சொன்னால் மகள் நாலு எட்டு நடந்து வந்து அம்மாவுக்கு முத்தம் கொடுப்பாள். அதற்கப்புறம் நிமிர்ந்து இவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அறுபத்தொரு வயதில், மனைவி போன வீட்டில், மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவள். ஒரு பக்கம் செத்தவள், ஒரு பக்கம் உயிரோடிருக்கிறவள். தான் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றார்.

"மூடலாங்களா?" என்று கேட்டார் வந்தவர்களில் மூத்தவர். கையில் திருகாணி முடுக்கும் மெஷின் இருந்தது.

எல்லோரும் இவானோவைப் பார்த்தார்கள்.

"இலாரியா" என்றார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல." அவர் மூத்தவரிடம் திரும்பினார். "மூடுங்க."

ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றுக்கும் மெஷின் சிணுங்கி நின்றது. அந்தச் சத்தத்தில் அவர் ஏதாவது சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

*

பூசையில் சாமியார் ஓர்னெல்லாவை நல்ல ஓட்டத்தை ஓடி முடித்தவள் என்றார். கிளப் ஆட்கள் கோட்டுக்குமேல் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கல்லறைக்கு நடந்தே போனார்கள். கோட்டை வாசல் இறக்கத்தில், மதில் திருப்பத்தில், வாய்க்கால் பாலத்துக் கல்லில், வழி நெடுக நீல அம்புக்குறியும் பக்கத்தில் 2 என்ற எண்ணும். அவள் கையால் எழுதியவை. கடைசியில் ஓர்னெல்லா இவானோ சொன்ன பாதையில்தான் போனாள்.

பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது காற்றில் வந்தது.

"பிடிவாதக்காரிப்பா. டாக்டர் சொல்லியும் கேக்கல."

"அவ போயிட்டா. பாவம் இவானோதான். அவனையும் ஏமாத்திட்டுல்ல போயிருக்கா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம் இவானோ என்று சொன்னது அவருக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. அப்படி இருந்தது தெரிந்ததும், பேச்சு காதில் விழாத தூரத்துக்கு நடையை எட்டிப் போட்டார்.

கல்லறையில் திங்கட்கிழமைச் சாமந்திகள் இன்னும் வாடவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக் கல்லறையும் பூவாக நிறைந்து கிடந்தது. பெட்டிகளை வைப்பதற்கென்று மாடம் மாடமாகக் கட்டிய சுவரில், மூன்றாம் வரிசையில் பெட்டியை உள்ளே தள்ளி, கொத்தனார் செங்கல் வைத்துப் பூசினார். பூசுகிறவரை எல்லோரும் நின்றார்கள். இலாரியா கைகளைக் கோட்டுப் பையில் விட்டபடி, கொத்தனாரின் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மத்தியானத்துக்குமேல் வீடு நிறைந்துவிட்டது. யாரோ சூப் கொண்டுவந்தார்கள், யாரோ பன்றித் தொடை இறைச்சியை மெல்லிசாகச் சீவி வைத்தார்கள். ஆள் ஆளுக்கு இவானோவின் கையைப் பிடித்து, நீ என்ன செய்வாய், உன்மேல் என்ன தப்பு என்றார்கள். மூன்றரை மணிக்கு அவர் எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வெளியே நடந்தார்.

"எங்கடா போற?" என்றார் ஜில்தோ.

"நாலு மரம் மிச்சம் இருக்கு. நாளைக்குக் காலையில செக்கு."

"பைத்தியமாடா உனக்கு? செக்கும் மண்ணும். நாங்க பாத்துக்கறோம், உக்காரு."

அவர் நிற்கவில்லை. திங்கட்கிழமை விரித்த வலை அப்படியே கிடந்தது. அன்று உதிர்த்த காய்கள் பனியில் நனைந்து கறுத்து, சில பூசணம் பூத்திருந்தன. அவர் கொட்டகையிலிருந்து கம்ப்ரசரை உருட்டி வந்து அதன் கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. தெரியட்டும். கம்பை எடுத்து மரத்துக்குள் விட்டார். காய்கள் மழைபோலக் கொட்டின. மூன்று நாளில் முதல்முறையாக அவர் தலைக்குள் ஒரு குரலும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. திரும்பியபோது வேலி வாசலில் இலாரியா நின்றாள், தோளில் பயண மூட்டை. அவள் வாய் அசைந்தது. பொலோஞா ரயில் என்று ஊகித்தார். ஆறு மணி வண்டி. ஜில்தோ ஸ்டேஷனில் விடுவாராக இருக்கும். போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள். வந்தாலும் கல்லறைப் பக்கம் போக மாட்டாள்.

அவள் அங்கேயே நின்றாள். அம்மா நின்ற இடம்தான்.

இவானோ கம்பைத் தரையில் சாய்த்தார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டார்.

"அம்மா பொய் சொல்லல!" என்று கத்தினார்.

இலாரியா காதுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"எங்கிட்ட சொன்னா! மோர்த்தோன்னுதான் சொன்னா! எனக்குத்தான் கேக்கல! நான் போகச் சொன்னேன்! அவ எனக்காக அங்க உக்காந்திருந்தா!"

தொண்டை கிழிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசைக்குள் போயிற்று. கம்ப்ரசரின் விசை அவரிடமிருந்து ஒரு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. சிவப்புப் பொத்தான், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், நின்றுவிடும். அவர் அதைப் பார்த்தார்.

இலாரியா அவர் அழுவதைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. ஏதோ புரிந்துகொண்டவளைப்போலத் தலையை ஆட்டினாள்.

"சரிப்பா! சரி சரி!" என்று உதடு அசைய, கையை வீசினாள்.

பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சாலையில் நின்ற பெரியப்பாவின் காரை நோக்கி நடந்தாள். கார் கிளம்பி, திருப்பத்திலிருந்த நீல அம்புக்குறியைத் தாண்டி மறைந்தது. மேலே சுபாசியோ சரிவில் வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. இவானோ குனிந்து கம்பை எடுத்து, அடுத்த கிளைக்குள் விட்டார்.